அப்பாரு காலத்துப் பண்ணையக் கட்டடங்கள்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

தோட்டத்துக்காரி
(மாசி, முதல் வாரம்)

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரத்திலிருந்து காங்கேயம் போகிற வழியில் எங்கள் பூர்வீகத் தோட்டம் இருக்கிறது. தோட்டமும் மேட்டாங்காடும் சேர்த்து 46 ஏக்கர், மூன்று பங்காளிகளுக்குப் பொதுவில் கிடக்கிறது. மற்ற இரண்டு வீட்டாரும் வெளியூரில் இருக்கிறார்கள். போன ஐப்பசியில் அப்பா தவறிய பிறகு பண்ணையம் என் கைக்கு வந்துவிட்டது. 14 வருடம் திருப்பூரில் கணக்கு எழுதியவள் நான். வெள்ளாமை கொஞ்சம் தெரியும், மாடு நன்றாகத் தெரியும். கட்டடம் தெரியாது.

ஆறு கட்டடங்கள் இருக்கின்றன. பெரியது மாட்டுச்சாளை. 60 அடி நீளம், 18 அடி அகலம், கிழமேலாக நீண்டிருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், மேலே சீமை ஓடு, மங்களூர் ஓடு என்பார்களே அது. அப்பாரு (தாத்தா) கட்டியது என்பார்கள், வருடம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதை அடுத்துப் பண்டசாலை. ஒரு காலத்தில் புகையிலையும் பருத்தியும் வைத்திருந்தார்கள், இப்போது கடலைக்காயும் உர மூட்டையும். அப்பா 2004-ல் அதற்கு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசினார். அப்புறம் நாட்டு ஓடு போட்ட பழைய சாளை ஒன்று, கல்லுக்கால் நட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஆட்டுக் கொட்டகை, வண்டிச்சாளை, கிணற்று மேட்டில் மோட்டார் ரூம்.

மாட்டுச்சாளையின் கீழ்க்கோடியில், அதாவது கிழக்குக் கோடியில், மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. ஓட்டுக்கூரையும் அந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரி தெரிகிறது. பண்டசாலைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து கொட்டுகிறது. மோட்டார் ரூமைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உள்ளே கால் வைக்கப் பயமாக இருக்கிறது.

ஒரு காண்டிராக்டர் வந்து பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தார். ஆறையும் இடித்துவிட்டு ஒரே பெரிய தகர ஷெட்டாகப் போட்டுவிடலாம் என்கிறார். பங்காளிகள் அதற்குச் சரி என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. மாட்டுச்சாளையின் வடக்குச் சுவரில், உள்பக்கம், எந்த மாடு எந்தத் தேதியில் ஈன்றது என்று அப்பா கரிக்கட்டியால் எழுதிவைத்த வரிகள் இருக்கின்றன. ஆனால் மனம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பொதுப்பணத்தைச் செலவழிக்க முடியாது. எது நிற்கும், எது நிற்காது என்று நானே ஒழுங்காகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காத்தாடிக்_காடு

அக்கா, நான் உடுமலை. காற்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊருக்கும் வரும். ஆடியில் மேற்குக் கோடியில் இருக்கிற ஓரத்து ஓடுகள்தான் முதலில் கிளம்பும். சீமை ஓட்டின் அடியில், ரீப்பரில் (ஓட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தில்) மாட்டுகிற காதில் சின்னத் துளை இருக்கும். கட்டுக்கம்பி கோத்துக் கட்டுவதற்காகவே வைத்த துளை அது. எங்கள் களத்து வீட்டில் யாரும் அதைக் கட்டியிருக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரே ராத்திரியில் 80 ஓடு போனது. இப்போது மேற்கு ஓரத்தில் எல்லா ஓட்டையும், உள்ளே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையையும் துருப்பிடிக்காத கம்பியால் கட்டியிருக்கிறோம். கூரை வேலை எதுவானாலும் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள்.


கரண்டிக்காரர்

அம்மணி, நான் பெருந்துறைப் பக்கம். 41 வருடம் கொத்து வேலை, அதில் பாதி பழைய கட்டட வேலை. இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் பையன் பார்க்கிறான், நான் போய் உட்கார்ந்து சொல்வதோடு சரி. பத்து நிமிடம் பார்த்து ஆறையும் இடிக்கச் சொன்னது பரிசோதனை ஆகாது. ஒரு கட்டடத்துக்கு அரை நாள் வையுங்கள். ஒரு கணக்கு நோட்டு, பென்சில், டார்ச், தூக்குக்குண்டு, நீளமான திருப்புளி ஒன்று, அளவு டேப். கணக்கு எழுதிய கை என்கிறீர்கள், அது பெரிய உதவி.

தனியாகப் போக வேண்டாம். காலில் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். அடுக்கி வைத்த ஓட்டிலும் கற்குவியலிலும் பாம்பு இருக்கும். மோட்டார் ரூமில் கரண்ட்டைக் கம்பத்திலேயே நிறுத்தாமல் உள்ளே போகக் கூடாது. ஓட்டின் மேல் ஏறவே கூடாது, கீழே இருந்து பார்ப்பதே இப்போதைக்குப் போதும்.

முதலில் வெளியே ஒரு சுற்று. சுவரைப் பார்க்க வேண்டாம், தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். எரவாணத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குழி விழுந்திருக்கும். அந்தக் குழியிலிருந்து தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிறதா, சுவரை நோக்கி வருகிறதா? மாடு கட்டுகிற இடத்தில் சாணியும் மண்ணும் சேர்ந்து தரை வருடா வருடம் ஏறிக்கொண்டே இருக்கும். நாற்பது ஐம்பது வருடத்தில் ஒரு அடி ஏறியிருப்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். சுவர் மூலையில் ஒரு கடப்பாரை அளவுக்குத் தோண்டிப் பாருங்கள். அஸ்திவாரக் கல்லின் மேல்வரி மண்ணுக்குள் புதைந்திருந்தால் ஓதத்துக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

பிறகு உள்ளே. வெயில் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள், ஓடு உடைந்த இடத்தில் வெளிச்சம் ஊசி மாதிரி தெரியும். அந்த வெளிச்சத்துக்கு நேர் கீழே இருக்கிற மரத்தைக் கவனியுங்கள். மரம் நடுவில் கெடுவது குறைவு, சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் போகும். திருப்புளியால் குத்திப் பார்த்தால் நல்ல மரம் கால் அங்குலம்கூட உள்ளே விடாது. போன மரத்தில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். செல் (கரையான்) ஏறிய மண் கோடு இருந்தால் இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. கட்டவில்லை என்றால் அது பழைய கோடாக இருக்கலாம், ஆனாலும் நாலு இடத்தில் உடைத்துப் பாருங்கள்.

ஓட்டைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். டொக் என்று கேட்டால் விரிசல். அப்புறம், கீழே கிடக்கிற உடைந்த ஓடு ஒன்றைக் கழுவி அடிப்பக்கம் என்ன எழுத்து இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்போது வெடிப்பு. மேலே அகலமா, கீழே அகலமா? வெடிப்பு இன்னும் நகர்கிறதா, பழையதா? காரையைச் சுரண்டிவிட்டு, செங்கல்லின் மேலேயே, வெடிப்புக்குக் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் சிமெண்ட்டால் பதித்துவிடுங்கள். தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அதே சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

ஒரு கேள்வி. அந்தக் கீழ்க்கோடியில் மட்டும் பிறகு யாராவது ஏதாவது மாற்றினார்களா? வாசல் பெரிதாக்கினார்களா, மரம் எடுத்தார்களா?


தோட்டத்துக்காரி
(11 நாள் கழித்து)

ஐயா, ரொம்ப நன்றி. எங்கள் பண்ணையத்தில் வேலை செய்கிற அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நான்கு நாள் பார்த்தேன். நோட்டில் 23 பக்கம் வந்திருக்கிறது.

ஓட்டில் காமன்வெல்த் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. வெடிப்பு மேலே விரல் நுழைகிற அகலம், கீழே வரவர மயிரிழை. தெற்குச் சுவர் கீழ்க்கோடியில் 9 அடி உயரத்துக்கு இரண்டேகால் அங்குலம் வெளியே சாய்ந்திருக்கிறது. அதே சுவர் மேற்குக் கோடியில் நேராக நிற்கிறது. கண்ணாடியை வைத்த ஒன்பதாவது நாள் காலையில் உடைந்து கிடந்தது.

நீங்கள் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். 1996-ல் டிராக்டர் வாங்கியபோது கிழக்கே வாசலை அகலப்படுத்தி, டிராக்டர் உள்ளே வர இடிக்கிறது என்று குறுக்கே இருந்த இரண்டு விட்டத்தை எடுத்துவிட்டார்களாம். எடுத்த மரம் இன்னும் வண்டிச்சாளையில்தான் கிடக்கிறது. இதுதான் காரணமா?


கரண்டிக்காரர்

இதுதான் அம்மணி. இன்றைக்கே மாட்டையும் டிராக்டரையும் அந்தக் கோடியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள். வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, யாரும் போகாதபடி செய்யுங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

விட்டம் கூரையைத் தாங்குவதற்கு மட்டும் வைத்த மரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எதிரெதிராகச் சாய்த்து வைத்த கைமரங்கள் எப்போதும் காலை விரிக்கவே பார்க்கும். இரண்டு சுவரையும் கை கோத்துப் பிடித்துக்கொண்டிருப்பது விட்டம். உங்கள் சாளைக்கு எரவாணமும் சேர்த்து 1,500 சதுர அடிக்கு மேல் கூரை வரும். 100 சதுர அடிக்கு 140 ஓடு என்று வைத்தால் 2,100 ஓட்டுக்கு மேல். ஓடு ஒன்று இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. ஓடு மட்டும் 5 டன்னைத் தாண்டிவிடும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். விட்டம் எடுத்த இடத்தில் அந்தப் பாரம் இத்தனை வருடமாகச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உங்கள் அப்பாரு கட்டிய சுவர் ஒன்றரை அடிக் கனம் என்பதால்தான் இன்றைக்கும் நிற்கிறது. மெல்லிய சுவராக இருந்தால் எப்போதோ போயிருக்கும்.

வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று யாராவது வந்தால் விடாதீர்கள். காரணம் அப்படியே இருக்க, வெடிப்பை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் உள்ளே கைமரங்களுக்கு முட்டு. இரும்பு ஜாக்கியோ நல்ல சவுக்கோ எதுவானாலும் கீழே பலகை போட்டு நிறுத்த வேண்டும், வெறும் மண்ணில் நிறுத்தினால் இறங்கிவிடும். பிறகு அந்தக் கோடி ஓட்டை இறக்குங்கள். முகட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை மொத்தமாகக் காலி செய்தால் பாரம் ஒருச்சாய்ந்து போகும். ஓட்டைத் தூக்கிப் போடாமல் கை மாற்றிக் கொடுத்து, செங்குத்தாக அடுக்குங்கள். பாரம் இறங்கியதும் விட்டம் இருந்த இடத்தில் சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி, நடுவில் டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்குகிற திருகு), சுவருக்கு வெளியே பெரிய தகட்டு வில்லை. கம்பியின் கனத்தையும் தகட்டின் அளவையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் மட்டும் கைமதிப்பு வேண்டாம். ஒரு நாள் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள், வீண் செலவு இல்லை.

கம்பியை முறுக்கிச் சுவரை நிமிர்த்திவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். சாய்ந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தினால் போதும். இந்தக் கனமான சுவருக்கு இரண்டேகால் அங்குலம் உயிர்போகிற சாய்வு இல்லை. இன்னும் நகர்கிறதே, அதுதான் கவலை.

வண்டிச்சாளையில் கிடக்கிற பழைய விட்டத்தைக் குத்திப் பாருங்கள். நன்றாக இருந்தால் கம்பிக்குப் பதிலாக அதையே மறுபடி ஏற்றலாமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள்.

ஓட்டு எழுத்தும் உதவியது. மங்களூரில் முதல் ஓட்டு ஆலையை 1865-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் பாதிரிமார் தொடங்கினார்கள். பாலக்காட்டு வழி ரயில் அதற்கு முன்பே, 1862-ல் பேப்பூர் வரை ஓட ஆரம்பித்துவிட்டது. மேற்குக் கரையிலிருந்து ஓடு நம் பக்கம் வந்து சேர அது பெரிய வசதி. முதல் உலகப்போருக்குப் பின்னால் அந்த ஆலைகள் காமன்வெல்த் பெயருக்கு மாறின. அதனால் உங்கள் ஓடு 1920-க்குப் பிறகு வந்தது. நூறு வயதை ஒட்டிய ஓடாக இருந்தாலும் கணீர் என்று கேட்டால் தாராளமாகத் திருப்பிப் போடலாம். நான் போட்டிருக்கிறேன்.


மரப்பட்டறை_அவிநாசி

நல்ல விளக்கம்ங்க ஐயா. மரத்தைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அக்கா, கைமரத்தின் முனை மட்டும் போயிருந்தால் முழு மரத்தையும் மாற்ற வேண்டாம். போன பகுதியை அறுத்து, நல்ல மரம் தெரிகிற வரைக்கும் பின்னால் போய், இரண்டு பக்கமும் புதிய துண்டு வைத்து போல்ட் போட்டு முடுக்கலாம். பழைய மரம் பெரும்பாலும் தேக்கோ வேம்போ பனையோ இருக்கும். அந்த வைரம் பாய்ந்த மரத்தை விறகுக்குத் தள்ளிவிட்டு இன்றைக்கு வாங்குகிற இளமரத்தை வைப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். பனை மட்டும் கவனம். வெளி ஓடு கல் மாதிரி, உள்ளே சோறு. அறுத்த முகம் திறந்து கிடந்தால் அந்த வழியாகத்தான் பூச்சி போகும்.

மரம் சுவருக்குள் நுழைகிற இடத்தைச் சிமெண்ட் வைத்து இறுக்கி மூடிவிடாதீர்கள். அடியில் ஒரு கல் பலகை, சுற்றிலும் விரல் நுழைகிற அளவுக்குக் காற்று இடைவெளி. மூடிய முனைதான் வேர்த்து வேர்த்து மக்கும். கூரையில் கூகை குடியிருக்கிறதா என்றும் பாருங்கள். அபசகுனம் என்று விரட்டுவார்கள். கடலைக்காய் வைக்கிற இடத்தில் எலி பிடிக்க அதைவிட நல்ல ஆள் கிடைக்காது. குஞ்சு இருந்தால் பறக்கும் வரை அந்தப் பக்கத்து வேலையைத் தள்ளி வையுங்கள்.


நொய்யல்_கரை

ஆட்டுக் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஷீட் உடையாமல் இருந்தால் இப்போதைக்குச் சும்மா விட்டுவிடுவது நல்லது. ஆபத்து அதன் தூசியில் இருக்கிறது. துளை போடுவது, அறுப்பது, கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பது மூன்றும் கூடாது. கழற்ற வேண்டி வந்தால் நன்றாகத் தண்ணீர் தெளித்து, போல்ட்டை எடுத்து, முழு ஷீட்டாக இறக்குங்கள். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, அதற்கான முகமூடி வேண்டும். வேலை செய்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது.

அதைவிட முக்கியம், அந்த ஷீட்டின் மேல் யாரையும் ஏற விடாதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்ததும் முறியும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் அப்படி விழுந்து இடுப்பு போய், இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மேலே வேலை இருந்தால் பலகையைக் குறுக்கே போட்டுப் பலகையில்தான் நிற்க வேண்டும், அதுவும் இடுப்பில் கயிற்றோடு.


தோட்டத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. இன்ஜினியர் வந்தார். கரண்டிக்காரர் ஐயா சொன்னதையே அவரும் சொன்னார். பழைய விட்டம் இரண்டில் ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்றில் முனை போயிருக்கிறது. டிராக்டருக்கு வண்டிச்சாளையே போதும் என்று முடிவு செய்துவிட்டதால், நல்ல விட்டத்தை அதே இடத்தில் ஏற்றி, இன்னொன்றுக்குப் பதில் 20 மில்லிமீட்டர் கம்பி போடச் சொன்னார். முட்டு கொடுத்தாகிவிட்டது.

பங்காளிகளுக்கு நோட்டின் 23 பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடைந்த கண்ணாடியின் போட்டோவைப் பார்த்த பிறகு கோவைப் பெரியப்பா வீட்டிலிருந்து அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். அவரும் இப்போது என் பக்கம்.

மோட்டார் ரூமைக் காப்பாற்ற முடியாது. கிணற்று மேடு சரிந்து அஸ்திவாரமே வெளியே தெரிகிறது. அதை இடிக்க எனக்குத் தயக்கம் இல்லை.

இனிப் பண்டசாலை. தோண்டிப் பார்த்தேன். அஸ்திவாரக் கல் முக்கால் அடி கீழே இருக்கிறது. அதோடு 2011-ல் போட்ட காங்கிரீட் களம் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறது. பூச்சைக் கொத்திவிட்டு வாட்டர்புரூப் சிமெண்ட் பூசலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். சரியா?


கரண்டிக்காரர்

வேண்டாம் அம்மணி. முன்பே கேட்டது நல்லது, பூசிய பிறகு கேட்டிருந்தால் நான் என்ன சொல்வது?

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். மண்ணிலிருந்து ஓதம் கொஞ்சம் ஏறும், வெயிலில் சுவரின் முகம் வழியாகவே காய்ந்துவிடும். அப்படித்தான் 2004 வரைக்கும் இருந்திருக்கும். உள்ளும் புறமும் சிமெண்ட் பூசியதும் ஈரத்துக்குப் போக வழி இல்லாமல் போனது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். இடுப்பு உயரத்துக்கு வந்தது அதனால்தான். வாட்டர்புரூப் போட்டால் தோள் உயரத்துக்கு வரும்.

உப்பும் இருக்கிறது. மாடு கட்டிய இடத்தையும் உரம் வைத்த இடத்தையும் ஒட்டிய சுவரில் உப்பு இறங்கியே இருக்கும். அந்தக் காலத்தில் பழைய மாட்டுத்தொழுவத்து மண்ணைக் காய்ச்சித்தான் வெடியுப்பு எடுத்தார்கள் என்றால் பாருங்கள். ஈரத்தில் கரைந்த உப்பு, காயும்போது செங்கல்லுக்குள் படிகமாகி, செங்கல்லின் முகத்தை உடைத்துத் தள்ளும். நீங்கள் பார்க்கிற பொரிசல் அது. உர மூட்டையைச் சுவரை விட்டு இரண்டடி தள்ளிப் பலகை மேல் அடுக்குங்கள்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். களத்துக் காங்கிரீட்டைச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு வெட்டி எடுங்கள். ஏறிய மண்ணை அஸ்திவாரக் கல் தெரிகிற வரை வழித்துவிட்டு, தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி சாய்வு கொடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே மட்டும் தோண்டிவிடக் கூடாது. சிமெண்ட் பூச்சை உள்ளும் புறமும், ஓதம் தெரிகிற உயரத்துக்கு மேலே இரண்டடி வரை எடுத்துவிடுங்கள். கொத்தனாரிடம் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள், செங்கல்லின் மேல்தோல் சிமெண்ட்டோடு வந்துவிடும். பிறகு உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும்.

அப்புறம் சும்மா விட வேண்டும். ஒரு கோடை முழுக்க. சுவர் அம்மணமாக நிற்கிறதே என்று ஊரில் கேட்பார்கள், கேட்கட்டும்.

காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. கல் சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது இரண்டு வாரமாவது தொட்டியில் ஊற வையுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை எங்கள் ஐயன் காலத்திலிருந்து சேர்க்கிறோம். சுவரின் அடிப்பாகத்துக்கு மட்டும் கொஞ்சம் செங்கல் தூள் கலந்தால் ஈரத்துக்குத் தாங்கும். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும், ஒரேயடியாகக் கனமாக அப்பக் கூடாது. ஆடிக் காற்றில் பூசாதீர்கள். காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், சுண்ணாம்பு இறுகுவதற்குள் வெடித்துப்போகும். காற்று அடங்கிய பிறகு ஆவணிக் கடைசியில், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு செய்யலாம்.

மாட்டுச்சாளையில் உங்கள் அப்பா எழுதிய இடத்தில் என்ன பூச்சு? பழைய சுண்ணாம்பா?


தோட்டத்துக்காரி

ஆமாங்க ஐயா, பழைய பூச்சுதான். தட்டினால் ஒரு ஓரத்தில் மட்டும் வெற்றுச் சத்தம் கேட்கிறது. பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.


கரண்டிக்காரர்

விலகிய ஓரத்தைக் கொத்தி எடுக்க வேண்டாம். சுற்றியுள்ள விளிம்பை மட்டும் புதுச் சுண்ணாம்பால் அணைத்துவிட்டு, பின்னால் இருக்கிற வெற்றிடத்துக்குள் நன்றாக வடிகட்டிய சுண்ணாம்புக் குழம்பை ஊசிக்குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதலில் அதே ஊசியால் வெறும் தண்ணீர், பிறகு குழம்பு. முன்னால் ஒரு துணியை வைத்து, பலகையால் லேசாக அணைத்து ஒரு நாள் விடுங்கள். பையனிடம் நம்பி விட முடியாத வேலை, வண்டி அனுப்பினால் நானே வந்து செய்து தருகிறேன். முழங்காலுக்கு இது உட்கார்ந்து செய்கிற வேலைதான். அந்த வரிகளுக்கு மேல் வெள்ளை அடிக்க விடாதீர்கள்.


தோட்டத்துக்காரி
(ஐப்பசி, மூன்றாம் வாரம்)

வெகுநாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வைகாசி 20-க்குள் மாட்டுச்சாளைக் கூரை முடிந்துவிட்டது. இறக்கிய ஓட்டில் பத்தில் ஒன்றுதான் கழிந்தது, வண்டிச்சாளைப் பின்னால் கிடந்த பழைய ஓட்டிலேயே ஈடுகட்டிவிட்டோம். மேற்கு ஓரம் முழுக்கக் கம்பி கட்டியதால் ஆடியில் ஒரு ஓடு அசையவில்லை. வைத்த புதுக் கண்ணாடி மூன்றும் இன்றுவரை உடையவில்லை. பண்டசாலையில் ஓதம் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது, புரட்டாசியில் பூசினோம். மோட்டார் ரூமை மேலிருந்து கீழாக ஆள் வைத்தே இறக்கி, செங்கல்லைச் சுத்தம் செய்து அடுக்கியிருக்கிறேன்.

கரண்டிக்காரர் ஐயா வந்து இரண்டு நாள் இருந்து அப்பா எழுதிய இடத்தைச் சரிசெய்து கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார், அம்மா விடவில்லை.

நேற்று ராத்திரி நல்ல மழை. டார்ச்சை எடுத்துக்கொண்டு 60 அடியும் நடந்து பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில் சொட்டு. கிழக்கு முக்கோணச் சுவரிலிருந்து மூன்றடி உள்ளே, தெற்குச் சரிவில். போன வாரம் நேராகப் பெய்த மழையில் அங்கே சொட்டவில்லை. நேற்றுக் கிழக்குக் காற்றோடு வந்தபோதுதான் சொட்டியது. ஓட்டைக் கீழிருந்து பார்த்தால் விரிசல் தெரியவில்லை. என்னவாக இருக்கும்?


கரண்டிக்காரர்

ஓடு இல்லை அம்மணி. முக்கோணச் சுவரும் ஓரத்து ஓடும் சேர்கிற இடத்தில் வைத்த சுண்ணாம்பு விட்டிருக்கும். தண்ணீர் அங்கே நுழைந்து, ரீப்பர் மேலேயே மூன்றடி ஓடி, ஆணி இருக்கிற இடத்தில் சொட்டுகிறது. சொட்டுகிற இடத்திலிருந்து ரீப்பரைத் தடவிக்கொண்டே சுவர் வரை போங்கள், மரம் நனைந்திருக்கும். இந்த மழையில் ஆளை ஏற்ற வேண்டாம். ஒரு வாளி வையுங்கள், நோட்டில் தேதியும் காற்றின் திசையும் எழுதுங்கள். தை பிறந்ததும் பையனை அனுப்புகிறேன், அரை நாள் வேலை.